நிபுணர் தேடி வரிசையில் அமர்ந்த மருத்துவர்

ஏழு மலைகளின் உச்சியில் நின்று, படியேறி வரும் எளியோரின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் திருவேங்கடமுடையானின் திருவடிகளை முதலில் தொழுகிறேன். சொல்லைத் தந்தவன் அவன். சொன்னதும் கேட்டதும் ஒன்றாக இருக்கும்படி காப்பவனும் அவனே. ஒரு சொற்பிழையைப் பற்றி எழுத நேர்ந்திருப்பதால் அந்தக் காப்பை இன்று வழக்கத்தினும் மிகுதியாக வேண்டுகிறேன்.

நகரியில் எங்கள் தெருக்கோயிலில் மாலைப் பாசுரம் ஓதுவதற்காக நான் மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது திருப்பதியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் டாக்டர் தேவராஜனின் மகள். "ஐயா, நைனா போயிட்டாரு. மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தவரு எழுந்துக்கல" என்றார். பிறகு அவரே, "நகரியிலேர்ந்து ஏதாவது பதில் வந்துச்சான்னு காலைல கூடக் கேட்டாரு. உங்களுக்குத் தெரியுமா ஐயா, என்ன பதில்னு?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். பதில் வரவில்லை என்பதும் தெரியும். அன்று கோயிலில் என் குரல் இரண்டு இடங்களில் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முதுமை என்று எண்ணியிருப்பார்கள்.

அவரை அறிந்த அன்பர்களுக்கு அவருடைய படிப்பையும் பதவியையும் நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். வடமாலபேட்டைக்கு அருகே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தெலுங்கில் படித்து, அரசு மருத்துவராகவும் பிறகு மருத்துவக் கல்லூரி ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த நோயைத் தீர்ப்பதைவிட வரும் நோயைத் தடுப்பதே அவருடைய துறை. திருப்பதியில் உள்ள ஓர் அறக்கட்டளை, எல்லையோரச் சிற்றூர்களுக்கும் நெசவுத் தெருக்களுக்கும் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க விரும்பியது. ஒன்பது நிபுணர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அழைப்புக் கடிதங்கள் தெலுங்கில் மட்டுமின்றித் தமிழிலும் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால், ஓய்வு பெற்ற தமிழாசிரியனான எனக்கு அந்தப் பணியில் ஒரு மூலை கிடைத்தது. அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். ஆயினும் அந்த ஓராண்டும் நான்தான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

முதல் கடிதத்தை நான் மூன்று நாள் எழுதினேன். பழந்தமிழ்ச் செய்யுளில் மருத்துவம் பேசப்பட்ட இடங்களையெல்லாம் நினைவில் கொண்டு, நெடிய வாக்கியங்களாக அமைத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதை முழுதும் கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க ஐயா. ஆனா இதப் படிக்கிறவரு, கல்யாணத்துக்குக் கூப்பிடறாங்களா கருமாதிக்குக் கூப்பிடறாங்களான்னு கேப்பாரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உடனே, "உங்க வீட்டம்மா கிட்டப் படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டு அவங்க என்ன சொல்றாங்களோ அதை எழுதிக்கினு வாங்க" என்றார். அவ்வாறே செய்தேன். என் மனைவி கேட்டுவிட்டு, "மாசத்துல ஒரு நாள் வந்து யோசனை சொல்லணும்னு கூப்பிடறாங்க, அதானே?" என்றாள். அந்த ஒரு வரிதான் கடிதமாகப் போயிற்று.

நிபுணரைத் தேடும் முறையையும் அவரே வகுத்துக்கொண்டார். யாருடைய வீட்டுக்கும் போகமாட்டார். பரிந்துரைகளை வாங்கிப் பையில் வைப்பார், பிரித்துப் பார்க்கமாட்டார். அந்த மருத்துவரின் மருத்துவமனைக்குப் போய், எல்லோரையும் போல டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்துவிடுவார். ரேணிகுண்டாச் சாலையில் இதய மருத்துவர் ஒருவரைப் பார்க்க நாங்கள் அப்படி முற்பகல் முழுதும் காத்திருந்தது நினைவில் இருக்கிறது. பெயர் கூப்பிடும் பணியாளர் எங்களை இரண்டு முறை பார்த்துவிட்டு, "பெரியவரே, யாருக்கு நெஞ்சு வலி, உங்களுக்கா இவருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் யாருக்கும் வரல. வர்றதுக்குள்ள பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் டாக்டர்.

"வலியில்லாம வந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன். அப்ப கடைசி டோக்கன் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்காமல் போய்விட்டார். "இவரையே குழுவுல சேக்கலாம் போல இருக்குது" என்று டாக்டர் என் காதில் சொன்னார்.

அவர் கவனித்தது வேறு. அறையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரிடமும், "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று ஊர்ப் பேச்சில் சாதாரணமாக விசாரிப்பார். நான்கு பேர் பதில் சொல்வதைக் கேட்டால் போதும், உள்ளே இருப்பவர் எப்படிப் பேசுகிறார் என்று கண்டுகொள்வார். பெயர்பெற்ற இருவரை அவர் அழைக்காமல் விட்டதற்கும், சித்தூர்ப் பக்கம் அதிகம் அறியப்படாத ஒரு பெண் மருத்துவரை விடாமல் மூன்று முறை போய் அழைத்ததற்கும் இதுவே காரணம். "அந்தம்மா கிட்டப் போயிட்டு வந்த நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க ஐயா. அதுதான் டிகிரி" என்றார்.

அவர் குறையற்றவர் என்று எழுதினால் அவரே என்னைக் கடிந்துகொள்வார். முன்கோபி. தாமதமாக வருபவரை எல்லோர் முன்னிலையிலும் பேசிவிடுவார். மலையடிவாரத்திலேயே வாழ்ந்தும் மேலே போவது அரிது. நான் ஒருமுறை திருமலையிலிருந்து லட்டுப் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுத்தபோது கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கடலையளவு கிள்ளி வாயில் போட்டார். மீதியை என் பக்கம் தள்ளாமல் மூடி வைத்தார். "சாமி குடுத்ததை வேணாம்னு சொல்லமாட்டேன். எவ்வளோ துன்னணும்னு சாமி சொல்லல, அதை நான் சொல்லிக்கறேன். உங்க சுகர் எவ்வளவு?" என்றார். சொன்னேன். டப்பாவைத் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

எட்டு இடங்கள் நிரம்பின. ஒன்பதாவது இடத்துக்கு அவர் எழுதிய பெயரைப் பார்த்து அறக்கட்டளைச் செயலாளர் திகைத்தார். செயலாளர் தெலுங்கர், நல்ல மனிதர், ஒழுங்கில் கண்டிப்பானவர். "டாக்டர்காரு, குப்பம்மாளுன்னு ஒரே ஒரு பேரு. பக்கத்துல பட்டம் எதுவும் லேது. படிப்பு?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"அஞ்சாவது."

"நிபுணத்துவம்னு ஒரு கட்டம் இருக்குதே சார். அதுல ஏமி ராயாலி? என்ன எழுதறது?"

டாக்டர் படிவத்தை வாங்கித் தம் கையாலேயே எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'மருத்துவர் சொன்னது வீட்டில் எப்படிக் கேட்கும் என்பது' என்று எழுதியிருந்தது. அனுபவம் என்ற கட்டத்தில், 'பதினோரு ஆண்டுகள்' என்றும் எழுதினார். செயலாளர் அதை இருமுறை படித்தார். "அவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்றார். "இல்ல. இனிமேதான் கேக்கணும். ஒத்துக்குவாங்களான்னு தெரியல" என்றார் டாக்டர். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான்.

காரணத்தை வண்டியில் நகரிக்கு வரும் வழியில் சொன்னார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் ஓர் ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசைத்தறியில் வேலை செய்யும் முனிரத்தினம் என்பவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனை என்றால் தெலுங்கில் பேச வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கமல்லவா? முனிரத்தினம், "மாத்ரலு மள்ளீ தீஸ்கோவாலா சார்?" என்று கேட்டார், மாத்திரையை மறுபடியும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று. கையில் இன்னும் பத்து நாளைக்கு மாத்திரை இருப்பதை டாக்டர் பார்த்தார். தீர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை என்பது அவர் எண்ணம். சொன்னது, "இப்புடு அவசரம் லேது."

தமிழில் அவசரம் என்றால் விரைவு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. டாக்டர் தமிழில் எண்ணித் தெலுங்கில் சொன்னார். முனிரத்தினம் தெலுங்கில் கேட்டுத் தெலுங்காகவே எடுத்துக்கொண்டார். மாத்திரை இனித் தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்ற மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனார். இரண்டு மாதத்தில் தறியடியில் சாய்ந்தார். வலப்பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிற்று.

"ரெண்டு பேரும் தமிழருங்க ஐயா" என்றார் டாக்டர், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "அவரு என்னைத் தெலுங்கருன்னு நெனச்சாரு. நான் அவரைத் தெலுங்கருன்னு நெனச்சேன். ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கினோம்."

அதோடு முடிந்திருந்தால் அது விதி என்று நான் ஆறுதல் கூறியிருப்பேன். ஆனால் அவர் நெஞ்சில் தைத்திருந்தது அதற்கு அடுத்தது. கணவரைப் படுக்கையில் கிடத்திவிட்டுக் குப்பம்மாள் இவர் அறைக்குள் வந்து, நீங்கள்தானே தேவையில்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டபோது, சுற்றிலும் ஆட்கள் நிற்க, இவர் சொன்ன பதில், "நான் சரியாத்தான் சொன்னேன், அவருதான் தப்பாக் கேட்டுக்கினாரு." அந்த அம்மையார் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். பின்னர் கருத்தரங்குகளிலும் வகுப்புகளிலும் இந்தக் கதையை மொழிக்குழப்பத்துக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்தப் பதிலை மட்டும் எங்கும் சொன்னதில்லை.

"எனக்கு நெஞ்சு பலவீனம், உங்களுக்குத் தெரியும். இந்தக் குழு மொதல் தரம் உக்கார்றப்ப அந்தம்மா அதுல இருக்கணும். இல்லன்னா மத்த எட்டு பேரும் என்னை மாதிரியே மறுபடியும் சரியாத்தான் சொல்லுவாங்க. கேக்கறவங்க மறுபடியும் தப்பாக் கேப்பாங்க" என்றார்.

குப்பம்மாள் வீடு நெசவுத் தெருவில், இருபுறமும் விசைத்தறி ஓசைக்கு நடுவே இருந்தது. அவர் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டரைக் கண்டதும் அந்த அம்மையார் கையை நிறுத்தவில்லை.

"இன்னா சார், வழி தவறி வந்துட்டீங்களா?"

டாக்டர் நின்றபடியே வந்த காரியத்தைச் சொன்னார். குழு, மாதம் ஒரு கூட்டம், திருப்பதி, ஒன்பது பேர். அம்மையார் முழுதும் கேட்டார்.

"பெரிய பெரிய டாக்டருங்க நடுவுல நான் இன்னாத்துக்கு? டீ குடுக்கறதுக்கா?"

"நிபுணரா வரணும்மா."

"அன்னிக்கி இவரு தப்பாக் கேட்டுக்கினாருன்னு சொன்னீங்க. காது கேக்காதவன் பொண்டாட்டி இன்னிக்கி எப்டி நிபுணரு ஆனா?"

நான் ஏதேனும் நல்ல சொல் சொல்லி நிலைமையைச் சமன் செய்யலாம் என்று வாயெடுத்தேன். டாக்டர் கையமர்த்தினார். "தப்பாக் கேட்டது அவரு இல்லம்மா. தப்பாச் சொன்னது நான். அன்னைக்கே தெரியும். நாலு பேரு நின்னுக்கினு இருந்தாங்க, அதனால மாத்திச் சொன்னேன்."

"இத என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? அதோ குந்திக்கினு இருக்காரே, அவரு கிட்ட சொல்லுங்க."

எழுபது வயது கடந்த டாக்டர், நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். எத்தனையோ பேராசிரியர்கள் எழுந்து நின்று வணங்கிய மனிதர் அவர். அதே சொற்களை முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முனிரத்தினம் இடக்கையைத் தூக்கி மனைவியைக் காட்டினார். நாக்குத் தடுமாறினாலும் சொற்கள் தெளிவாகவே வந்தன.

"இட்டுக்கினு... போ. மாசத்துல... ஒரு நாளாவது... வூடு... அமைதியா இருக்கும்."

"பேச்சப் பாரு" என்று அம்மையார் அவர் தோளில் தட்டினார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "பாக்கலாம். அவசரம் இல்ல" என்றார்.

டாக்டர் எழுந்தவர் அப்படியே நின்றார். "எந்த அவசரம்மா? தமிழா, தெலுங்கா?"

முதலில் சிரித்தவர் முனிரத்தினம்தான். கோணிய வாயோடு அவர் சிரித்த சிரிப்பில் குப்பம்மாளும் சேர்ந்துகொண்டார். ஆனால் பதில் சொல்லவில்லை. "பெரிய டாக்டரு தானே, நீங்களே கண்டுபுடிங்க" என்று நூலை எடுத்துக்கொண்டார்.

அவர் கண்டுபிடிக்கவில்லை. வரமாட்டார் என்பதா, யோசித்துச் சொல்வார் என்பதா? அடுத்த நான்கு வாரங்களும் தொலைபேசியில் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போய் விசாரிக்கிறேன் என்றால், "வேணாம் ஐயா. பதினோரு வருசம் அவங்க காத்துக்கினு இருந்தாங்க. நான் நாலு வாரம் இருக்கலாம்" என்றார். ஐந்தாவது வாரம் அவர் இல்லை.

கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று செயலாளர் நினைத்தார். டாக்டரின் மகள் வேண்டாமென்றார். பதின்மூன்றாம் நாள் காரியங்கள் முடிந்த மறுவாரம், திருப்பதியில் எட்டுப் பேரும் கூடினார்கள். எட்டுப் பேர் என்பது மருத்துவர்கள் எழுவரும், நீரின் தூய்மையைச் சோதிப்பவர் ஒருவரும். நான் குறிப்பெழுத ஓரமாக அமர்ந்தேன். ஒன்பதாவது நாற்காலியின் எதிரே பெயர்ப்பலகை வைக்கப்பட்டிருந்தது. தொடங்கலாமா என்று செயலாளர் கேட்டபோது, கதவருகே காவலாளியுடன் யாரோ வாதாடும் குரல் கேட்டது. "உள்ள என் பேரு போட்டு வச்சிருக்குது, போயிப் பாரு. ரெண்டு பஸ்ஸு மாறி வரேன்."

குப்பம்மாள் உள்ளே வந்து, பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு அமர்ந்தார்.

முதல் வேலை, மருத்துவமனைகளில் ஒட்டுவதற்கான அறிவிப்பு. சித்தூர்ப் பக்கத்துப் பெண் மருத்துவர் அதை வாசித்தார். இரத்த அழுத்த மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளல் அவசியம் என்று இருந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள். குப்பம்மாள் மட்டும், "டாக்டரம்மா, இத நான் வூட்ல போயி இன்னான்னு சொல்றது?" என்றார். மருத்துவர் விளக்கினார். "அது இல்லம்மா. நீங்க இப்ப வாயால சொன்னீங்களே, அத எழுதுங்க" என்றார் அம்மையார். அந்த ஒரு தாளுக்கு முற்பகல் கழிந்தது. கடைசியில், 'உடம்பு நல்லா இருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க, தீர்றதுக்கு முன்னாடியே வாங்க' என்று முடிந்தது. தெலுங்கிலும் அவ்வாறே இரண்டு வரி. ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. டாக்டர் தேர்ந்தெடுத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

முடிவில் மறைந்தவரைப் பற்றி ஆளுக்கு இரண்டு சொல் சொன்னோம். அவருடைய அறிவையும் பணிகளையும் போற்றினோம். குப்பம்மாளின் முறை வந்தது. எழுந்து நின்றார், மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அவரப் பத்தி பெருசா தெரியாது. ஒரு தரம் திட்டினேன், ஒரு தரம் கிண்டல் பண்ணேன். அன்னிக்கி அவரு கீழ குந்தினப்பவே வரதுன்னு முடிவு பண்ணிட்டேன். கொஞ்ச நாளு தவிக்கட்டுமேன்னு சொல்லல. வரேன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாம். நாளிக்கி சொல்லிக்கலாம், நாளிக்கி சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

அவர் உட்கார்ந்தார். குறிப்பேட்டில் அதை நான் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் தேவராஜனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். என் வாழ்நாள் முழுதும் என் பிழைகளை இறைவன் சந்நிதியில் சொல்லிப் பழகியவன் நான். உருகிச் சொல்லியிருக்கிறேன், முன்னோர் உருகிப் பாடிய சொற்களையே கடன் வாங்கிச் சொல்லியிருக்கிறேன். அங்கே எதிர்க்கேள்வி வருவதில்லை. பிழை யாருக்குச் செய்யப்பட்டதோ அவர் முன்னால் தரையில் அமர்ந்து, கடன் வாங்காத சொற்களில், கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வது வேறு என்பதை எண்பதை நெருங்கும் வயதில் நகரியின் ஒரு நெசவு வீட்டில் கண்டேன். சென்ற வாரம், நான் பிழை செய்து பேச்சு நின்றுபோன என் தம்பியின் வீட்டுக் கதவைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தட்டினேன். திறந்தது. அதற்குமேல் அது எங்கள் இருவருக்கும் உரியது.

இதைப் படிக்கும் உங்களையும், உங்கள் இல்லத்தில் உங்கள் சொல்லைக் கேட்டு வாழ்பவர்களையும் திருவேங்கடமுடையான் காத்தருள்வானாக. நோய் நெருங்குமுன் அறியும் தெளிவையும், சொன்ன சொல் சொன்ன பொருளிலேயே போய்ச் சேரும் பேற்றையும், சொல்ல வேண்டியவர் இருக்கும்போதே சொல்லிவிடும் மனத்தையும் உங்கள் குடிக்குக் குறைவின்றித் தந்தருள்வானாக.